முன்னங்காலா, பின்னங்காலா?

அரசு கால்நடை மருந்தகங்களில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற சேலம் கால்நடை மருத்துவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை எல்லாமே முன்னங்காலைச் சுற்றி வந்த கேள்விகள்.

முன்கால், முன்னங்கால், முன்பாதம் என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். எது சரி? மனிதனுக்கும் மாட்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தலாமா?
*தமிழாசிரியை, அம்மாபேட்டை, சேலம்*

மூன்றும் நல்ல சொற்கள்தான் அம்மா. ஆனால் ஒன்று நிற்கும் இடத்தில் இன்னொன்றை நிறுத்தினால் இடிக்கும்.

நாலுகால் பிராணியின் முன்பக்கத்துக் கால் முன்னங்கால். ஆடு, மாடு, நாய், குதிரை எல்லாவற்றுக்கும் அதுதான். முன் என்பதோடு அம் சாரியை சேர்ந்து கால் வந்து ஒட்டியிருக்கிறது. புளியும் காயும் சேர்ந்து புளியங்காய் ஆவதும் இப்படித்தான். அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து அந்த மகரம் தன்னை மாற்றிக்கொள்ளும். அதனால்தான் முன்னங்கால், பின்னங்கால் என்கிற நாம் பின்னந்தலை, பின்னந்தொடை என்கிறோம். இதை வகுப்பில் என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். எங்கள் பக்கத்து விவசாயிகள் முன்னத்தங்கால், பின்னத்தங்கால் என்பார்கள். அதைக் கொச்சை என்று யாராவது திருத்தினால் எனக்குக் கோபம் வரும். "முன்னத்தங்காலுங்க, உள்பக்கத்துக் குளம்புங்க" என்று ஓர் அம்மா போனில் சொன்னால் பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

முன்கால் என்பது மனிதனிடத்தில் நிலையைப் பொறுத்த சொல். நடக்கும்போது எது முன்னால் இருக்கிறதோ அது முன்கால். அடுத்த எட்டில் அதுவே பின்கால். மாட்டுக்கு அப்படி மாறாது. முன்பாதம் என்பது பாதத்தின் முன்பகுதி, அதாவது விரல்களும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சதைமேடும். பரதம் கற்பவர்கள் குதித்துமெட்டு அடவில் குதித்து இறங்குவது அதன் மேல்தான். அதன் பிறகுதான் குதிகால் தரையைத் தட்டும். பேச்சில் இதையும் முன்னங்கால் என்று சொல்வது உண்டு. பரண்மேல் இருக்கும் அண்டாவை எடுக்க "முன்னங்காலை ஊன்றி எக்கினேன்" என்றால் யாருக்கும் புரிகிறது. அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் கால் என்றால் தொடையில் ஆரம்பித்து விரல் நுனி வரைக்கும் கால்தான். பாதத்துக்கு அடி, தாள் என்று தனிச் சொற்கள் இருந்தாலும் தொழுவத்தில் நின்றுகொண்டு "மாட்டின் அடியில் புண்" என்று யாரும் சொல்வதில்லை. "முன்னங்காலில் புண்" என்கிறார்கள். அந்தப் புண் காலின் மேல்பகுதிச் சதையான சப்பையிலும் இருக்கலாம், குளம்புக்கு நடுவிலும் இருக்கலாம். அதனால் மாடு வளர்ப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான்: முன்னங்கால் என்று சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். சப்பையா, முழங்காலா, கணுவா, குளம்பா என்று அடுத்த சொல்லையும் சொல்லுங்கள். இடதா வலதா என்பதும் வேண்டும்.

சொல்ல இன்னொன்றும் உண்டு. மாட்டின் முன்னங்காலில் நாம் முழங்கால் என்று காட்டுகிற மூட்டு உண்மையில் அதன் மணிக்கட்டு. முழங்கை இன்னும் மேலே, நெஞ்சை ஒட்டி இருக்கிறது. குளம்பு இரண்டும் நடுவிரல், மோதிரவிரல் இவற்றின் நகங்கள். குதிரைக்கு நடுவிரல் ஒன்று மட்டும். ஆக மாடு இரண்டு விரல் நுனியில் நடக்கிறது, குதிரை ஒரே விரல் நுனியில் ஓடுகிறது. அது மட்டுமில்லை, மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால் உடம்போடு எலும்பால் பூட்டப்படவே இல்லை. இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே நெஞ்சுக்கூடு வெறும் தசையில் தொங்குகிறது, ஏணையில் பிள்ளை கிடக்கிற மாதிரி. நிற்கிற மாட்டின் எடையில் பாதிக்கு மேல் அந்தத் தசையும் அந்த இரண்டு கால்களும்தான் தாங்குகின்றன. இதை முதன்முதலாகக் கல்லூரியில் அறுத்துப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை.

எங்கள் ஊர் மலையில் இருக்கிறது. ராத்திரி மாடு கன்று போடும்போது கால் மட்டும் வெளியே தெரிந்தால், அது முன்னங்காலா பின்னங்காலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டாக்டரைக் கூப்பிட்டால் முதலில் அதைத்தான் கேட்கிறார்.
*கறவை மாடு வளர்க்கும் பெண், நாகலூர், ஏற்காடு*

அவர் கேட்பது சரி. இந்தச் சொல் உயிரைக் காப்பாற்றுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கன்று ஒழுங்காக வருவதென்றால் முன்னங்கால் இரண்டும் முதலில் வரும். ஒன்று சற்று முன்னால், மற்றது சற்றுப் பின்னால் இருக்கும். அவற்றின் மேல் மூக்கும் முகமும் படுத்த மாதிரி வரும். பனிக்குடம் உடைந்து வெள்ளையாக இரண்டு குளம்பு தெரிந்தால் முதலில் அடிக்குளம்பைப் பாருங்கள். அது தரையைப் பார்த்திருந்தால் பெரும்பாலும் முன்னங்கால். வானத்தைப் பார்த்திருந்தால் பெரும்பாலும் பின்னங்கால். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் கன்று மல்லாந்து வந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

அதனால் கையால் தடவிப் பார்க்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வழுவழுப்புக்குச் சுத்தமான எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். வளையல், மோதிரம் எதுவும் இருக்கக் கூடாது. குளம்பிலிருந்து மெல்ல மேலே போங்கள். முதல் மூட்டு கணு. அதை மடக்கிப் பாருங்கள், எந்தப் பக்கம் மடங்குகிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் மேலே போனால் இரண்டாவது மூட்டு. அதுவும் அதே பக்கம் மடங்கினால் முன்னங்கால். எதிர்ப்பக்கம் மடங்கினால் பின்னங்கால். பின்னங்காலின் இரண்டாவது மூட்டில் கூர்மையாக ஒரு எலும்பு முனை கையில் தட்டுப்படும். அது கன்றின் குதிகால். முன்னங்கால் மூட்டு உருண்டையாக இருக்கும், முனை இருக்காது. இருட்டில், மின்சாரம் போன நேரத்தில், கண்ணால் பார்க்காமலே இதைச் சொல்லிவிடலாம்.

போனில் நான் கேட்டதும் அதேதான். "காலு தெரியுதுங்க டாக்டர்" என்பார்கள். "ரெண்டு மூட்டும் ஒரே பக்கமாங்க மடங்குது?" என்பேன். கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. அப்புறம் "ஆமாங்க, ஒரே பக்கந்தானுங்க" என்று வரும். "மூக்கு தட்டுப்படுதுங்களா?" "படுதுங்க." அப்படியென்றால் பயமில்லை, மாடு முக்கட்டும் என்று விட்டுவிடலாம்.

பின்னங்கால் என்றால் வேகம் வேண்டும். கன்றின் இடுப்பு வெளியே வரும்போது தொப்புள்கொடி நசுங்கிவிடும், தலை இன்னும் உள்ளே இருக்கும். அந்த நிலையில் அதிக நேரம் தாங்காது. பின்னங்கால் என்று தெரிந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஒரு முன்னங்காலும் மூக்கும் மட்டும் தெரிந்தால், மற்ற முன்னங்கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். வந்த காலையும் தலையையும் பிடித்து இழுக்காதீர்கள். கன்றை உள்ளே தள்ளி, மடங்கின குளம்பை உள்ளங்கையில் பொத்தி, கருப்பையைக் கீறாமல் நிமிர்த்திக் கொண்டுவர வேண்டும். அது பழகின கைக்கு உரிய வேலை.

எல்லாம் சரியாக இருந்தும் இழுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கணுவுக்கு மேலே கயிற்றுச் சுருக்கைப் போட்டு, மாடு முக்கும்போது மட்டும் இழுங்கள். இரண்டு காலையும் சேர்த்து ஒரே பலத்தில் இழுக்கக் கூடாது. ஒரு காலைக் கொஞ்சம், அப்புறம் மற்ற காலைக் கொஞ்சம். இப்படிச் செய்தால் தோள் ஒவ்வொன்றாக வழியைத் தாண்டும். தலை வெளியே வந்ததும் இழுப்பைத் தரைப்பக்கம் சாயுங்கள். ஊரே கூடி இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். மாட்டின் இடுப்பு நரம்பு நசுங்கினால் அது எழுந்திருக்காது.

குளம்பு தெரிந்து அரை மணி நேரம் ஆகியும் முன்னேற்றம் இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். தலைச்சன் கிடாரிக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கட்டணமில்லாத 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். மலையில் சிக்னல் கிடைக்கும் இடம் எது என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி.

மேச்சேரிச் செம்மறி ஆடு வைத்திருக்கிறேன். மழை பெய்த பிறகு இரண்டு ஆடுகள் முன்னங்காலை மடக்கி மண்டிபோட்டு மேய்கின்றன. வாதமா?
*விவசாயி, மேச்சேரி*

வாதம் இல்லை, குளம்பு வலி. முன்னங்குளம்பு இரண்டிலும் வலி இருக்கும் ஆடு, பாரத்தை முழங்காலில் ஏற்றிக்கொண்டு மேயும். ஆட்டைப் பிடித்து உட்கார வைத்து, குளம்பிடையை விரித்து முகர்ந்து பாருங்கள். அழுகின வாடை வந்தால் குளம்பு அழுகல். சேறும் ஈரமும் உள்ள பட்டியில் இது ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும். வளர்ந்து மடங்கின குளம்பைச் சீவிச் சுத்தம் செய்துவிட்டு, 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ மயில்துத்தம் என்ற அளவில் கரைத்து, பட்டி வாசலில் ஆழமில்லாத தொட்டி கட்டி ஆடுகளை அதில் நடத்துங்கள். அந்தத் தண்ணீரை ஆடு குடித்துவிடக் கூடாது, செம்மறிக்குத் தாமிரம் விஷம். தொட்டிக்கு முன்பாகவே நல்ல தண்ணீர் காட்டிவிடுங்கள். நோயுள்ள இரண்டையும் காய்ந்த தரையில் தனியாகக் கட்டி, மருந்தகத்தில் காட்டி ஊசி போடுங்கள். வாயிலும் கொப்புளம் இருந்தால் அது கோமாரியாக இருக்கலாம், உடனே தெரியப்படுத்த வேண்டும்.

நொண்டுகிற மாட்டைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள், சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எந்தக் கால் என்று தெரியாவிட்டால் மாட்டை நேராக நடக்கவிட்டுத் தலையைப் பாருங்கள். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை தாழும். தலை ஆடாமல் இடுப்பு ஒரு பக்கம் தூக்கினால் கோளாறு பின்னங்காலில். கறவை மாட்டுக்குப் பின்னங்காலின் வெளிக்குளம்பில்தான் அதிகம் வரும். முன்னங்கால் என்றால் உள்குளம்பை முதலில் பாருங்கள்.

இளங்கன்று, கிடாரி திடீரென்று காய்ச்சலோடு நொண்டி, சப்பையில் வீக்கம் இருந்து, அதை அழுத்தினால் நறநறவென்று சத்தம் கேட்டால் அது சப்பை நோய். முன்சப்பை, பின்சப்பை இரண்டிலும் வரும். ஒரு நாள் தள்ளிப்போட்டால் மாடு இருக்காது. மழைக்கு முன்னாலேயே தடுப்பூசி போட்டுவிட்டால் இந்தப் பேச்சே வேண்டியதில்லை.

கறிக்கடையில் "முன்னங்கால் சூப்புக்கு நல்லது" என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்கிறார்கள். உண்மையிலேயே வித்தியாசம் உண்டா?
*இல்லத்தரசி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்*

சூப்புக்குப் போடுவது முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி. அதில் சதை கிடையாது. தோல், நார், மூட்டுச் சவ்வு, எலும்பு, கொஞ்சம் மஜ்ஜை, அவ்வளவுதான். சூப்புக்குப் பிசுபிசுப்பைக் கொடுப்பது நாரும் தோலும். அது முன்னங்காலிலும் உண்டு, பின்னங்காலிலும் உண்டு. நெருப்பில் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதுதான் கணக்கு. கூடுதல் காசு தேவையில்லை.

கேட்டது முன்னங்கால்தானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முன்னங்காலில் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். பின்னங்காலில் நீளமாக, ஒல்லியாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும்.

கறியில்தான் வித்தியாசம் உண்டு. முன்சப்பை ஓயாமல் உழைக்கிற இடம், அதனால் நாரும் கொழுப்பும் அதிகம். குழம்புக்கு, பொறுமையாக வேகவிட, அதுதான் ருசி. வறுவலுக்குப் பின்தொடை கேளுங்கள்.

கழுதை, ஆடுகளின் முன்னங்காலில் கட்டுவதைத் தளை என்கிறார்கள். வெண்பாவிலும் தளை இருக்கிறது. இரண்டும் ஒன்றா?
*கல்லூரி மாணவர், ஆத்தூர்*

ஒரே சொல்தான் தம்பி. தளைத்தல் என்றால் கட்டுதல். ஒரு சீரை அடுத்த சீரோடு கட்டுவது செய்யுளில் தளை. முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது பட்டியில் தளை. அடி என்ற சொல்லும் அப்படித்தான், காலுக்கும் உண்டு, பாட்டுக்கும் உண்டு.

எனக்குப் பட்டியில் உள்ள தளையைப் பற்றித்தான் கவலை. தளை போட்ட பிராணி தத்தித் தத்தி மேயலாம், ஓட முடியாது. அதற்காகத்தான் போடுகிறார்கள், அது நியாயம்தான். ஆனால் நைலான் கயிறு வந்த பிறகு நான் பார்த்த புண்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. கணுவுக்கு மேலே தோல் அறுந்து, கயிறு சதைக்குள் பதிந்து, ஈ மொய்த்து, புழு வைத்து, அந்தக் கோலத்தோடு கொண்டு வருவார்கள். கயிறு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். தளை போடுவதென்றால் பழைய வேட்டித் துணியைத் திரித்துப் போடுங்கள், பருத்தி தோலை அறுக்காது. இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். சாயந்திரம் பட்டிக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். முன்னங்காலையும் பின்னங்காலையும் குறுக்கே கட்டி மலைச்சரிவில் மேயவிடுவது கூடவே கூடாது. சறுக்கினால் ஊன்றிக்கொள்ளக் கால் இருக்காது.

காபித் தோட்டத்தில் காட்டெருமை வந்துபோன தடம் கிடக்கிறது. எது முன்னங்கால் தடம், எது பின்னங்கால்? எங்கள் நாட்டு மாட்டுத் தடத்திலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது?
*தோட்டத் தொழிலாளி, ஏற்காடு*

பெரிதாக, அகலமாக, குளம்பு இரண்டும் விரிந்து பதிந்திருப்பது முன்னங்கால். சற்றுக் குறுகலாக, கூர்மையாக இருப்பது பின்னங்கால். நிதானமாக நடந்து போயிருந்தால் முன்னங்கால் தடத்தின் மேலேயோ பக்கத்திலேயோ பின்னங்கால் பதிந்திருக்கும். இறக்கத்தில் பாரமெல்லாம் முன்னுக்கு வந்துவிடுவதால் முன் தடம் ஆழமாக இருக்கும், ஏற்றத்தில் பின் தடம். நம் மாட்டுத் தடமும் இதே அமைப்புதான். வளர்ந்த காட்டெருமையின் தடம் அளவில் பெரியது, அதை வைத்துத்தான் சொல்ல முடியும். பெயரில் எருமை இருக்கிறதே தவிர, அது மாட்டு இனம். காட்டுமாடு என்ற பேர் அதற்கு இன்னும் பொருத்தம்.

உருவத்தை நேரில் பார்த்தால் சந்தேகமே வராது. கறுத்த உடம்பு, நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை. பனிமூட்டத்தில் உடம்பு தெரியாமல் அந்த வெள்ளைக் கால்கள் மட்டும் முதலில் கண்ணில் படும். பக்கவாட்டில் திரும்பி நின்று முதுகுத் திமிலைக் காட்டுகிறது, மூக்கால் சீறுகிறது, முன்னங்காலால் தரையைத் தட்டுகிறது என்றால் "வழி விடு" என்று சொல்கிறது. வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள். நாயை ஏவிவிடாதீர்கள், போட்டோ எடுக்க நிற்காதீர்கள். காலையில் பழம் பறிக்கப் போகும் முன் தடம் புதிதா என்று பார்த்துவிட்டு இறங்குவது நல்ல பழக்கம். தடத்தின் விளிம்பு உதிராமல், ஈரம் காயாமல் இருந்தால் அது பக்கத்தில்தான் இருக்கிறது.

யானையின் முன்னங்காலை அளந்தால் அதன் உயரம் தெரியுமாமே?
*எட்டாம் வகுப்பு மாணவி, மேட்டூர்*

தெரியும் கண்ணு. முன்னங்கால் பாதத்தைச் சுற்றி நூல் வைத்து அளந்து, அதை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். மண்ணில் பதிந்த தடத்தை வைத்தே வனத்துறையினர் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். ஆனால் எடுத்தது முன்னங்கால் தடமாக இருக்க வேண்டும். முன்னது வட்டமாக இருக்கும், பின்னது நீள்வட்டமாக இருக்கும். நம் யானைக்குப் பொதுவாக முன்னங்காலில் 5 நகம், பின்னங்காலில் 4 நகம். கோயில் யானையைப் பார்க்கும்போது தள்ளி நின்றே எண்ணிப் பார்.

"பின்னங்கால் பிடரியில் பட ஓடினான்" என்கிறோம். ஏன் முன்னங்கால் இல்லை? மனிதனுக்கு ஏது பின்னங்கால்?
*ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், ஓமலூர்*

ஓட்டத்தில் உந்துவது பின்னால் இருக்கும் கால்தான். முன்னங்காலுக்குத் தாங்குவதும் திருப்புவதும் வேலை. தலைதெறிக்க ஓடுகிறவனைப் பின்னாலிருந்து பாருங்கள், குதிகால் எழும்பிப் பிட்டத்தைத் தொட்டுவிட்டுப் போகும். அதைக் கொஞ்சம் ஏற்றிப் பிடரி வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். பயந்தவனை நாலுகால் பிராணியாக்கிப் பார்த்த சொல் அது. தைரியசாலிக்கு முன்கால்தான் சொந்தம்: "முன்வைத்த காலைப் பின்வைக்க மாட்டேன்."

கிரிக்கெட்டில் முன்கால் நோபால் என்கிறார்களே, எந்தக் கால் முன்கால்? கோட்டை மிதித்தாலே நோபாலா?
*வேகப்பந்து வீசப் பழகும் பள்ளி மாணவர், தாரமங்கலம்*

மாட்டுக் கேள்விகளுக்கு நடுவில் இது வந்ததில் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் முன்னங்காலின் பாரத்தை மனிதன் முழுசாகச் சுமக்கிற இடம் இதுதான்.

பந்தை விடும்போது கடைசியாக முன்னால் ஊன்றுகிற கால் முன்கால். வலது கையால் வீசுபவருக்கு இடது கால். உங்கள் பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் இடது கையால் வீசுபவர், அவருக்கு வலது கால். மட்டை பிடிப்பவருக்கும் இப்படித்தான், வலது கை ஆட்டக்காரரின் முன்கால் இடது கால். முன்காலை நீட்டிப் பந்தின் அருகே போய் ஆடுவதும், பின்காலில் சாய்ந்து காத்திருந்து ஆடுவதும் பந்தின் நீளத்தைப் பொறுத்தது.

ஸ்டம்புக்கு 4 அடி முன்னால் போட்டிருக்கும் கோடுதான் எல்லை. முன்கால் தரையில் ஊன்றும்போது அதில் ஏதாவது ஒரு பகுதி அந்தக் கோட்டின் பின்விளிம்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். குதிகால் காற்றில் தூக்கியிருந்தாலும் பரவாயில்லை, அது கோட்டுக்குப் பின்னால் இருந்தால் போதும். கோட்டை மிதிப்பது குற்றமில்லை. பாதம் முழுவதும் கோட்டின் மேலும் அதைத் தாண்டியும் போய்விட்டால் நோபால். 1960களுக்கு முன்பு பின்காலைத்தான் பார்த்தார்கள். பின்காலை இழுத்துக்கொண்டே முன்னேறி, மட்டை பிடிப்பவருக்குப் பக்கத்தில் வந்து வீசுகிறார்கள் என்பதால்தான் விதி முன்காலுக்கு மாறியது. 2020 மகளிர் டி20 உலகக் கோப்பையிலிருந்து மூன்றாம் நடுவரே திரையில் பார்த்து இதைச் சொல்கிறார்.

நீ பழகும்போது மனதில் வைக்க வேண்டியது வேறு. வேகமாக ஓடி வந்து முன்காலை அறைந்து ஊன்றும்போது உன் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்த ஒரு காலில் விழுகிறது. அது கால் வழியாக இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் ஏறும். வளரும் வயதில் முதுகெலும்பில் கீறல் விழுவது இதனால்தான். நடராஜன் 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானதைப் பார்த்து நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் யார்க்கர் போட ஆரம்பித்துவிட்டீர்கள். நல்லது, போடுங்கள். சிமெண்ட் தரையில் மட்டும் வேண்டாம். மண் மைதானத்தில் போடு. முதுகு வலித்தால் அன்றே நிறுத்திவிட்டுப் பயிற்சியாளரிடம் சொல்.

குதிரைச் சிலையில் ஒரு முன்னங்கால் தூக்கியிருந்தால் வீரர் காயத்தால் இறந்தார், இரண்டும் தூக்கியிருந்தால் போரில் இறந்தார் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. நிஜமா?
*வாசகர், சங்ககிரி*

அப்படி ஒரு விதி கிடையாது. எந்தக் காலைத் தூக்குவது என்பது சிற்பி தீர்மானிப்பது, எடை எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பாயும் குதிரைகளைத் தூணிலேயே செதுக்கியிருக்கிறார்கள். கால்நடை மருத்துவனாக நான் அங்கே ரசிப்பது, பாயும்போது பாரம் முழுவதும் பின்தொடைக்கு இறங்கி அங்கே தசை திரண்டு நிற்பதைத்தான். அந்தச் சிற்பி குதிரையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

எங்கள் மாடு எழுந்திருக்கும்போது முன்னங்காலை முதலில் ஊன்றி, நாய் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, அப்புறம் கஷ்டப்பட்டு எழுகிறது. முன்பு இப்படி இல்லை. என்ன செய்யலாம்?
*கறவை மாடு வளர்ப்பவர், வாழப்பாடி*

கவனித்தீர்களே, அதற்கே பாராட்ட வேண்டும். குதிரைதான் முன்னங்காலை நீட்டி ஊன்றி முன்பக்கத்தை முதலில் தூக்கும். மாடு அப்படி எழாது. முன் முழங்காலில் மண்டிபோட்டு, தலையை முன்னே நீட்டி ஒரு வீச்சு வீசி, அந்த வேகத்தில் பின்பக்கத்தைத் தூக்கும். பின்னங்கால் இரண்டும் நின்ற பிறகுதான் முன்னங்காலை ஒவ்வொன்றாக ஊன்றும். உங்கள் மாடு குதிரை மாதிரி எழுகிறது என்றால், முதலில் அதன் முகத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சமீபத்தில் தீவனத் தொட்டியை உயர்த்திக் கட்டினீர்களா? சுவரை ஒட்டிக் கட்டுகிறீர்களா? மூக்கணாங்கயிறு குட்டையா? தலையை வீச இடமில்லாவிட்டால் நல்ல மாடும் இப்படித்தான் எழப் பழகிக்கொள்ளும். கயிற்றை நீட்டி, முன்னால் இடம் விட்டு, வழுக்காத மண் தரையில் இரண்டு நாள் கட்டிப் பாருங்கள்.

இடம் இருந்தும் அப்படியே எழுந்தால் முன் முழங்காலைத் தொட்டுப் பாருங்கள். கரடுமுரடான சிமெண்ட் தரையில் மண்டிபோட்டுப் போட்டு அங்கே வீங்கியிருக்கலாம். அப்படியென்றால் ரப்பர் பாய் போடுங்கள், இல்லாவிட்டால் வைக்கோலைத் தடிமனாகப் பரப்புங்கள். வீக்கமும் இல்லை, ஆனால் தீனி குறைந்திருக்கிறது, முதுகைக் கூனி நிற்கிறது, முழங்கையை வெளிப்பக்கம் விரித்து நிற்கிறது என்றால் கம்பியோ ஆணியோ விழுங்கியிருக்கலாம். அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கன்று போட்ட மறுநாள், அதற்கடுத்த நாள் எழவே முடியாமல் கழுத்தை ஒரு பக்கம் மடக்கிப் படுத்துவிட்டால் அது பால் காய்ச்சல், சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்கிப்போனது. அதற்கு அன்றைக்கே, அந்த மணியிலேயே ஊசி போட்டாக வேண்டும். டாக்டர் வரும் வரைக்கும் மாட்டை ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்க விடாமல், வைக்கோல் மூட்டையை அண்டக் கொடுத்து நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி வையுங்கள். வாயில் கஞ்சி, மருந்து எதையும் ஊற்றாதீர்கள்.